நம் வீட்டில் கிறிஸ்துமஸ் ஏன் இல்லை: மகனுக்கு அம்மா எழுதியது

மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணத்துக்குத் துணி எடுத்தது, பந்தலுக்கு ஆள் பேசியது, உன் ஆபீஸில் லீவு கிடைத்தது எல்லாம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அவற்றுக்கு ஒரு கார்டில் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த நான்கு வரிகளுக்காக. நிச்சயதார்த்தத்தன்று நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் உன்னிடம், "உங்க வீட்டுல கிறிஸ்துமஸ் ஏன் கிடையாது?" என்று கேட்டாளாம். "அப்பா பிடிவாதக்காரர், அவருக்குப் பிடிக்காது, அவர் போன பிறகும் அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை" என்று நீ சொன்னாயாம். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் கிறிஸ்துமஸ் வருகிறது, மாமனார் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா கூடாதா என்றும் கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போ. மற்றதற்குப் பதில் கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படி.

நாம் திருவனந்தபுரத்துக்கு வந்தது சுதந்திரம் கிடைத்த வருடம். உனக்குப் பதினாலு வயது. ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த அச்சாபீஸில் அப்பாவுக்குக் கம்பாசிட்டர் வேலை கிடைத்தது. தமிழும் மலையாளமும் இரண்டிலும் அச்செழுத்துக் கோக்கத் தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். புரூப் காகிதங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவருவார். ஏழாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துப்பிழை பார்க்கப் பழகியது அப்படித்தான். அப்போது நாமும் மற்றக் கிறிஸ்தவர்களைப் போலச் சபைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அந்த டிசம்பரில் நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கட்டம் போட்ட சட்டை, எனக்கு ஊதாச் சேலை. அதுதான் நம் வீட்டின் கடைசிக் கிறிஸ்துமஸ்.

அடுத்த வருடம் ஒருவர் வாழ்த்து அட்டை அடிக்க வந்தார். விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "கீழே அந்த நாளைப் பத்தின வசனம் ஒண்ணு நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்று சொல்லிப் போனார். அப்பா வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினார். பிறப்பு இருக்கிறது, மேய்ப்பர்கள் இருக்கிறார்கள், தேவதூதர் பாட்டு இருக்கிறது. எந்த மாதம், எந்த நாள் என்பது எங்கேயும் இல்லை. அப்போஸ்தலர்கள் அந்த நாளை வைத்துக் கொண்டாடியதாக ஒரு வரியும் இல்லை. நான்கு நாள் சாப்பாட்டு வேளையெல்லாம் தேடிவிட்டு, பொதுவான ஒரு வசனத்தைப் போட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். ஆனால் மனசு அதிலேயே நின்றுவிட்டது. நம் போதகரிடம் போய்க் கேட்டார். நல்ல மனிதர் அவர், மழுப்பவில்லை. "நாள் எழுதியிருக்கல. முந்தின காலத்துச் சபையார் ஒரு நாள வெச்சாங்க. நன்றி சொல்ல ஒரு நாள் வேணும்லா?" என்றார். "அப்போ அந்த நாள வைக்காதவங்க தப்பு செய்யுதாங்களா ஐயா?" என்று அப்பா கேட்டார். "இல்ல. அது அவங்க மனச்சாட்சி" என்றார் போதகர். இந்தப் பதிலை வீட்டில் வந்து என்னிடம் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அச்சாபீஸில் பைண்டிங் செய்யும் ஒருவர் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மாடி அறை ஒன்றில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்டு, ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடித்து, ஆண்டவரின் மரணத்தை நினைவுகூருகிறவர்கள். அப்பா ஒருநாள் போனார். பிறகு நம்மையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கிறிஸ்துமஸ் கிடையாது, ஈஸ்டர் கிடையாது. ஆண்டவர் தம்மை நினைக்கச் சொன்ன விதம் ஒன்றுதான், அதை வாரம் தவறாமல் செய்கிறோம், அவர் சொல்லாத ஒன்றை அவர் பேரில் நாமாக ஏற்படுத்தி எல்லோர் தலையிலும் கட்டக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். வெளியே சிலர், "இவங்க இயேசு பிறந்ததையே நம்பாதவங்க" என்று பேசுவார்கள். உன் மாமனார் வீட்டிலும் யாராவது அப்படிக் கேட்கலாம். அது தவறு என்று அமைதியாகச் சொல்லிவிடு. இயேசு நம்மைப் போல இரத்தமும் சதையுமாகப் பிறந்தார் என்பதை விட்டால் நமக்கு விசுவாசமே இல்லை. அதற்கென்று ஒரு நாளைக் குறிக்க நமக்கு அதிகாரம் இருப்பதாக நாம் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா இதை வைத்து யாரையும் குறை சொன்னதில்லை. வருடா வருடம் டிசம்பரில் அச்சாபீஸுக்குக் கிறிஸ்துமஸ் அட்டைகள் குவியும். எல்லாவற்றையும் அவர்தான் கோத்தார். கூட்டத்தில் ஒருவர், "நீங்க நம்பாத ஒண்ண அச்சடிக்கலாமா?" என்று கேட்டதற்கு, "நாள வைக்கது அவங்க காரியம். எழுத்துப்பிழை இல்லாமக் குடுக்கது எனக்க காரியம்" என்று சொல்லிவிட்டார். நீ பிடிவாதம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய்.

பிடிவாதம் என்னிடம்தான் இருந்தது. அவர் படித்து, கேட்டு, யோசித்து ஒரு இடத்துக்கு வந்தார். நான் அவர் பின்னால் நடந்து வந்தவள். அறிவுக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. சின்ன வயதில் எங்கள் தெருவில் என்னோடு படித்த ஒரு பெண், வீட்டில் கோடித் துணி எடுக்கவில்லை என்பதால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் புதுப் பாவாடையைக் காட்டுவதற்காகவே அவள் வீட்டு வாசலில் இரண்டு தடவை நடந்தேன். தொழுவத்தில் பிறந்தவரின் பேரால் அதைச் செய்தேன். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் அப்பா சொல்வது நியாயம் என்று தோன்றும். ஆனால் டிசம்பர் வந்தால் உடம்புக்கு அந்த நியாயம் தெரியவில்லை. எண்ணெய் காயும் வாசனை, பாட்டுக்குழுவின் சத்தம், அண்ணன் தம்பிகள் எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது, இதெல்லாம் வேண்டும் என்று கிடந்து தவித்தது. நாற்பத்தெட்டில் கிறிஸ்துமஸ் அன்று புளிக்குழம்பு வைத்துவிட்டு அடுப்படியில் அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் விசுவாசம் சின்னதாகிவிடும் என்று பயந்தேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதம் எழுதியதற்குக் காரணம். நாற்பத்தொன்பது டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பகல் பதினொரு மணி இருக்கும். அப்பா அச்சாபீஸில். நீ சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தாய். உன் மாமா, என் அண்ணன், நாகர்கோவிலில் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து நம் வாசலில் நின்றார். கையில் பெரிய ஓலைப்பெட்டி. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, உனக்கு ஒரு சட்டைத் துணி, எனக்கு ஒரு சேலை. அம்மா அப்பா இல்லாத என்னைத் தாய்வீட்டுச் சீர் இல்லாமல் விடக்கூடாது என்று வருடா வருடம் இதைச் செய்கிறவர். முந்தின வருடம் நாம் கொண்டாடவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வந்தார்.

"உள்ள வரலாமா பிள்ளே?" என்று சிரித்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை. "பெட்டியில என்ன அண்ணே?" என்று கேட்டேன். "என்ன, பலகாரந்தான். நீங்க நாள வைக்கியளோ வைக்கலியோ, எனக்க மருமவன் முறுக்கு திங்காண்டாமா?" என்றார். பெட்டியின் மூடி லேசாக விலகி வாசனை வந்தது. அந்த வாசனையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் குரலை உயர்த்தினேன். "இதெல்லாம் நாங்க விட்டாச்சு. இத இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க. நீங்களும் இந்த நாள்ல வராதீங்க" என்றேன். "அவரு சொன்னாரா?" என்று கேட்டார். "அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லுதேன்" என்றேன். "செரி பிள்ளே, போகட்டு" என்று சொல்லி, ஓலைப்பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. உறுதியாக இருந்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். உறுதியாக இருந்தவள் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். ஆசை இன்னும் விடவில்லை, அதனால்தான் பயம். அந்தப் பயத்துக்கு என் அண்ணனைப் பலி கொடுத்தேன்.

அவரைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நீ பார்த்துவிட்டாய். பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறார். என்ன மாமா என்று நீ கேட்க, "ஒண்ணுமில்ல மக்களே. அப்பாட்ட இதக் கேக்காண்டாம், கேட்டியா" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் வருத்தப்படுவார் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னது. அப்பாதான் விரட்டினார் என்று நீ எடுத்துக்கொண்டாய். பதினாறு வயதுப் பையன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ முன்னால் போய் நின்றாய். "மாமாவ ஏன் விரட்டினீங்க? உங்க வேதத்துல அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று கேட்டாய். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நடந்தது தப்பு மக்களே. நான் போய் மாமாட்ட பேசுதேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தான் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாய். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் சாகும் வரைக்கும் அப்படித்தான்.

நான் ஏன் சொல்லவில்லை? முதல் வாரம் வெட்கம். பிறகு, நாள் கடந்துவிட்டதே என்ற தயக்கம். ஒருநாள், "பையன்ட்ட நான் சொல்லிருதேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். "நீயாச் சொல்லணும்னு தோணும்போ சொல்லு. எனக்காண்டிச் சொல்லாண்டாம். எனக்க மேல கோவம்னா அவன் வீட்டுலதான் இருப்பான். ஒனக்க மேல கோவம்னா எங்க போவான்?" என்றார். அவர் அதைப் பெருந்தன்மையாகச் சொன்னார், நான் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். உன் பாசம் எனக்கு முழுசாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதில் பாதி அவருக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தே வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்து மூன்றில், மழைக்காலத்தில், அப்பா நெஞ்சு நோவில் ஆஸ்பத்திரியில் படுத்து இருபது நாளில் போய்விட்டார். அடக்கத்துக்கு மாமா வந்திருந்தார், நீ அவர் பக்கத்தில்தான் நின்றாய். எல்லாரும் போன பிறகு, நீ ஆஸ்பத்திரிக்குச் சாமான்களை எடுத்துவரப் போயிருந்த நேரத்தில், அண்ணன் என்னிடம் ஒன்று சொன்னார். நான் அவரை அனுப்பிய மறு வாரம் ஞாயிறு, கூட்டம் முடிந்ததும் அப்பா பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனார் அல்லவா, அன்றைக்கு என்ன நடந்தது என்று. அப்பா எனக்கு அதைச் சொன்னதே இல்லை. "வந்தவுடனே எனக்க கையப் பிடிச்சாரு பிள்ளே. 'தப்பு எனக்க வீட்டுல நடந்தது. நான் படிச்சத அவளுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கல. நாள வைக்காண்டாம்னுதான் படிச்சேன், மனுஷன வைக்காண்டாம்னு படிக்கல'ன்னு சொன்னாரு. நான் சாப்பிடச் சொன்னேன். கிறிஸ்துமஸ் பலகாரம் மிச்சம் இருக்கா, இருந்தா அதத் தாங்கன்னு கேட்டு வாங்கித் தின்னாரு" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அழுதார். நானும் அப்போதுதான், நான்கு வருடம் கழித்து, என் வாயால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது அன்னைக்கே முடிஞ்ச காரியம்லா" என்றார்.

அந்த டிசம்பரில் அவர், "இனி ஒனக்கு என்ன தடை? வீட்டுக்கு வா, எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவோம்" என்று எழுதினார். நீயும் போகலாம் என்றுதான் சொன்னாய். நான் வரவில்லை என்றதும், செத்துப்போனவருக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய். விஷயம் வேறு. அடக்கம் முடிந்த மறு ஞாயிறு கொட்டும் மழையில் மாடி அறைக்குப் போனேன். ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒரு அம்மா நனைந்த சேலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பிட்டு எடுத்த அப்பத்தின் மீதியை நான் வாங்கினேன். அங்கே யார் உடுத்தியிருப்பதையும் யாரும் பார்க்கவில்லை. ஒரு சாதாரண ஞாயிறு, பேர் வைக்காத நாள். ஆண்டவர் எனக்காகப் பிறந்தது, செத்தது, எழுந்தது எல்லாம் அந்த ஒரு துண்டில் இருந்தது. வருடத்தில் எந்த நாளுக்காகவும் நான் இனி காத்திருக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அன்று முதல் கிறிஸ்துமஸ் வைக்காதது என்னுடைய தீர்மானம். உன் அப்பாவுடையதை நான் சுமந்துகொண்டிருக்கவில்லை. உறுதி வந்த பிறகு கத்தவேண்டிய தேவையும் போய்விட்டது. அதற்கடுத்த வருடத்திலிருந்து அண்ணன் பலகாரம் கொண்டுவருகிறார், நான் வாங்கி வைக்கிறேன், நீ தின்கிறாய். ஏன் இந்த மாற்றம் என்று நீ கேட்டதில்லை. அப்பா இல்லாததால் என்று நினைத்திருப்பாய்.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த நவம்பரிலிருந்து நீ இருக்கும் நாகர்கோவில் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது, எனக்கும் உனக்கும் நடுவே களியக்காவிளையில் எல்லை வந்துவிட்டது. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நான் வரப்போவதில்லை. மாமனார் வீட்டுக்குப் போ, பாட்டில் சேர்ந்து பாடு, போட்டதைச் சாப்பிடு. சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து யாருக்கும் பிரசங்கம் செய்யாதே. யாராவது காரணம் கேட்டால், வேதத்தில் அந்த நாளைப் பார்க்கவில்லை, அதனால் எங்கள் வீட்டில் வைக்கவில்லை, வைக்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் இல்லை என்று சொல். உனக்கே அந்த நம்பிக்கை இல்லையென்றால், உன்னுடையது போலச் சொல்லாதே. எங்கள் அம்மா அப்பா அப்படி என்று உண்மையைச் சொல். நீயாகப் படித்து, நீயாக ஒரு முடிவுக்கு வா. அவளிடம் கல்யாணத்துக்கு முன்பே பேசு. அவளுக்கு டிசம்பர் வந்தால் தாய்வீட்டு நினைவு வரும், அழுகை வரும். அதைக் குறைவான விசுவாசம் என்று எண்ணிவிடாதே. பக்கத்தில் போய் உட்கார். எனக்கு அப்படி யாரும் உட்காரவில்லை, நான்தான் யாரையும் அருகில் விடவில்லை.

நீங்கள் உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடத் தீர்மானித்தால் எனக்கு வருத்தம் இருக்குமா என்றால், கொஞ்சம் இருக்கும். பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருத்தம் என்னுடையது, அதை உன் மனைவி சுமக்க வேண்டியதில்லை. நான் வந்தால் எனக்கு இலை போடுங்கள். அது உங்களுக்கு என்ன நாள் என்பதைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு. மாமியாரைப் பற்றி அவள் முதலில் தெரிந்துகொள்வது இதுவாக இருக்கிறதே என்று யோசிக்காதே. அவள் கேட்டது நல்ல கேள்வி, அவளுக்குச் சரியான பதில் கிடைக்க வேண்டும். படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வரவேண்டியதுதான். அதை அடக்கிக்கொண்டு கல்யாணத்தில் என்னிடம் சிரிக்காதே. எழுதி அனுப்பு. ஏழு வருடமாக அது தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்க வேண்டியவள் நான், இங்கேதான் இருக்கிறேன்.

அம்மா